நாற்காலியைத் தாண்டுவது

"உங்க வேகத்துல பண்ணுங்க சார், அவசரமே இல்ல."

நேற்று சாயங்காலம் மறுபடியும் சொல்லிவிட்டான். இத்தனைக்கும் நான் ஒன்றுமே கேட்கவில்லை. தரையில் ஒரு கை, காற்றில் ஒரு கால், மற்ற உறுப்புகள் எங்கே இருக்கின்றன என்று எனக்கே தகவல் இல்லை. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அவளிடம் "இன்னும் வேகமா" என்றான். அவளுக்கு அடுத்து நின்ற ஐ.டி. பையனிடம் "கீழ, இன்னும் கீழ" என்றான். என்னிடம் வந்ததும் குரலில் எங்கிருந்தோ ஒரு கனிவு.

சொந்தமாக ஒரு வேகம் வைத்துக்கொள்ளும் உரிமை நரைத்த தலைகளுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை ரயில்வேயே 2020-ல் நிறுத்திவிட்டது. இந்தப் பையன் மட்டும் விடாமல் வழங்கிக்கொண்டிருக்கிறான், அதுவும் நாற்பத்தேழு வயதுக்காரனுக்கு. அவனை நான் "மாஸ்டர்" என்று கூப்பிட வேண்டும். மனசுக்குள் "தம்பி"தான். எனக்கு முன்மண்டையில் முடி கொட்ட ஆரம்பித்தபோது இவன் பால்வாடிக்குப் போக மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்திருப்பான். அப்போது யாரும் அவனிடம் "உன் வேகத்துல போப்பா" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தூக்கிக்கொண்டுபோய் விட்டிருப்பார்கள்.

எப்படி இங்கே வந்து மாட்டினேன் என்று விளக்கத் தேவையில்லை. நீங்களும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டவர்தான். ரிப்போர்ட்டில் சில எண்கள் மட்டும் தடித்த எழுத்தில் வந்திருக்கும். அன்று ராத்திரி தீர்மானம், மறுநாள் காலை ஷூ. அப்புறம் ஒருவர் மாரத்தான் என்பார், ஒருவர் சைக்கிள் என்பார், ஒருவர் குதிரைவாலியில் பொங்கல் கிண்டி நம்மையும் சாப்பிடச் சொல்வார். பால்கனியில் ஈரத்துண்டு காயப்போட ஓர் எக்சர்சைஸ் சைக்கிள் உங்கள் வீட்டிலும் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். எனக்கு வாய்த்தது கபோய்ரா. எங்கள் வகுப்பில் வெறுங்கால் என்பதால் ஷூ மட்டும் புதுமெருகு குலையாமல் பெட்டியில் இருக்கிறது.

நடுவயதில் இந்தக் கலைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் உள்ளன. மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவதாக உத்தேசம். எழுந்திருக்க முடிந்தால்.

அதற்கு முன்னால், கபோய்ரா என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் சொன்னபோது என் சித்திக்கு "கேப்பை ரவை" என்று காதில் விழுந்தது. "ரொம்ப நல்லதுப்பா, சுகருக்கு அதைத்தான் சொல்றாங்க. உப்புமாவா கிண்டச் சொல்லு" என்று வைத்துவிட்டார். நான் திருத்தவில்லை. சொந்தத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் நான் சாயங்காலமானால் எங்கோ போய் கேப்பை உப்புமா சாப்பிட்டுவிட்டு வருவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மரியாதையாவது மிஞ்சட்டும்.

விஷயம் பிரேசிலைச் சேர்ந்தது. அங்கோலா முதலான ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே உண்டாக்கியது; முக்கியமாக பாயியா மாநிலத்தில் வேர்விட்டது. சண்டையா, நடனமா, விளையாட்டா என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். எல்லோரும் வட்டமாக நின்று பாடிக் கைதட்ட, நடுவில் இரண்டு பேர் உதைப்பதும் நழுவுவதும் கரணம் போடுவதுமாக ஆடுவார்கள். அந்த வட்டத்துக்கு ஹோடா என்று பெயர். வென்றவர், தோற்றவர் கிடையாது. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888-ல்தான், பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது. ஒழிந்த சூடு ஆறுவதற்குள், 1890-ல் வந்த தண்டனைச் சட்டத்தில், தெருவில் கபோய்ரா ஆடினால் இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை சிறை என்று எழுதிவைத்தார்கள். விடுதலையான கறுப்பு மக்கள் தெருவில் நாலு பேராகச் சேர்ந்து நிற்பதே பொறுக்கவில்லை, வேறென்ன. வீட்டில் இதைச் சொன்னபோது கொஞ்சம் வரலாற்று அக்கறையை எதிர்பார்த்தேன்.

"ஏங்க, அந்தச் சட்டத்தை இங்க கொண்டுவர முடியாதா?" என்றாள் என் மனைவி.

இதைத் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் சால்வடார் நகரத்து மெஸ்த்ரே பிம்பா. மெஸ்த்ரே என்றால் ஆசான். 1932-ல் பள்ளி தொடங்கினார், 1937-ல் அதை அரசாங்கத்தில் பதிவும் செய்துவிட்டார். இயற்பெயர் மனுவேல் தோஸ் ஹேய்ஸ் மஷாடு. பிம்பா என்பது பிறந்த நிமிஷத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று அம்மாவுக்கும் மருத்துவச்சிக்கும் பந்தயமாம். குழந்தை வெளியே வந்ததும் ஜெயித்த மருத்துவச்சி ஆதாரத்தைச் சுட்டிக்காட்டிச் சொன்ன சொல் அது என்பார்கள். மேற்கொண்டு விளக்கம் குடும்பப் பத்திரிகையில் வேண்டாம். அவரிடம் சேர வேண்டுமானால் படித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லது வேலையில் இருக்க வேண்டும். அந்த மட்டில் நான் தேறியிருப்பேன். புதிதாக வருகிறவனின் இரண்டு கைகளையும் தானே பிடித்துக்கொண்டு முதல் அடிகளைப் பழக்குவாராம். எங்கள் தம்பி ஆறடி தள்ளி நின்று என் வேகத்தை எனக்கே விட்டுக்கொடுக்கிறான்.

முதல் அடி என்றால் ஜிங்கா. ஆட்டம் முழுக்க ஓயாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய அடி. ஒரு கால் பின்னால் போகும், திரும்பி வரும், மற்ற கால் பின்னால் போகும். எந்தக் கால் பின்னால் போகிறதோ அந்தப் பக்கத்துக் கை முகத்துக்குக் காவலாக முன்னால் வர வேண்டும். எனக்கு ஒன்று வந்தால் ஒன்று வரவில்லை. "ரொம்ப சிம்பிள் சார், நடக்கும்போது நாம பண்றதுதான்" என்றான் தம்பி. அவன் அப்படிச் சொன்னதிலிருந்து எனக்கு நடக்கவும் வரவில்லை. ஆபீஸ் வராந்தாவில் கையையும் காலையும் கவனித்துக்கொண்டே போய், எதிரே ஃபைலோடு வந்த அம்மாளுக்கு இரண்டு தடவை வழிவிட்டு இரண்டு தடவை வழிமறித்தேன்.

சரி, முதல் காரணம். முழங்கால்.

கபோய்ராவில் உதை வந்தால் பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள். விலகுவார்கள், அதுவும் கீழ்ப்பக்கமாக. எதிராளியின் கால் தலைக்கு நேராகச் சுற்றிக்கொண்டு வரும்போது சட்டென்று உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில், பிட்டம் குதிகாலுக்குப் பக்கத்தில், ஒரு கை முகத்தை மறைத்து. கொக்கோரீன்யா என்று இதற்குப் பெயர். கேட்டு மிரள வேண்டாம். குத்தவைத்து உட்காருவது, அவ்வளவுதான்.

குத்தவைத்து உட்கார எனக்கு மாதக் கட்டணம்!

என் தாத்தா வரப்பில் குத்தவைத்தார் என்றால் பாத்தி நிரம்பும்வரை எழுந்திருக்க மாட்டார். ஒரு பீடி, அடுத்த பீடி, நடுவில் ஊர்வம்பு மொத்தமும். ஆச்சி அரிவாள்மனையை மிதித்துக்கொண்டு ஒரு முழங்காலை உயர்த்தி உட்கார்ந்தால் கல்யாண வீட்டுக்கே காய் நறுக்கிவிட்டுத்தான் எழுவாள். அம்மி தரையில், ஆட்டுக்கல் தரையில், முறமும் சுளகும் தரையில். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஊர் முழுவதும் ரோட்டோரம் குத்தவைத்திருக்கும். பஸ் வராது, ஆனால் யாருக்கும் மூட்டு வலிக்காது. புளியமரத்தடியில் முடிவெட்டுகிறவரும் வெட்டிக்கொள்கிறவரும் எதிரெதிரே குத்தவைத்து, மூக்கும் மூக்கும் இடிக்க அரசியல் பேசுவார்கள். பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தால் தோப்புக்கரணம், செய்யாவிட்டால் கோயிலில் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம். எந்த வழியில் போனாலும் உட்கார்ந்து எழுந்துதான் தீர வேண்டும்.

அப்புறம் நாற்காலி வந்தது.

நாற்காலிமேல் எனக்கு வெகுநாள் கோபம். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். மர நாற்காலி இருந்த காலத்தில்கூடப் பரவாயில்லை. வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ, அதுவும் வி.ஏ.ஓ. வந்தால்தான் துடைத்துப் போடுவார்கள். அவர் போனதும் அதன்மேல் பழைய நியூஸ் பேப்பர் ஏறிவிடும். நாசம் செய்தது பிளாஸ்டிக் நாற்காலி. எடை கிடையாது, அடுக்கலாம், மழையில் நனையலாம், ஒரே நாளில் சாவு வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் போய்வரலாம். கட்சிக் கூட்டத்தில் தலைவர் பேச ஆரம்பிக்கும்போது உட்காரலாம், பேச்சை முடிக்காவிட்டால் வீசலாம், முடித்துவிட்டால் தலைக்கு ஒன்றாகக் கவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். இப்படிப்பட்ட ஒரு பொருளிடம் மனித முழங்கால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பாய் விரித்து இலை போட்ட காலத்தில் சாப்பிடுகிறவனை யாரும் விரட்டியதில்லை. இப்போது மேஜை, அதன்மேல் உருட்டி விரித்த காகிதம், நாற்காலி. நாற்காலிக்கு ஒரு முதுகு உண்டு. முதுகு என்று ஒன்று இருந்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வந்துவிடுவார். நீங்கள் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து இரண்டு கைகளையும் உங்கள் நாற்காலியின்மேல் வைத்துவிடுவார். உங்கள் பாயசத்தை அவர் பார்ப்பார். மோர்க்காரரை நீங்கள் கூப்பிட்டால் அவர் பெருமூச்சு விடுவார். அது உங்கள் பிடரியில் படும். இன்னொரு கரண்டி சாதம் வாங்கிப் பாருங்கள், நாற்காலி லேசாக ஆடும். கல்யாண வீட்டில் நிம்மதியாக ஒரு பிடி மோர் சாதம் சாப்பிட்டு எத்தனை வருஷமாகிறது! தரைப் பந்தியில் இது நடக்குமா? எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? என் குடுமியையா?

சமீபத்தில் ஒரு முகூர்த்தத்தில் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மணையில் உட்கார முடியவில்லை. நாற்காலி போட்டார்கள். அவர் உயரத்திலிருந்து விட்ட நெய் பாதி ஹோமத்தில், பாதி சாஸ்திரிகள் முழங்கையில். சாஸ்திரிகள் எதுவும் சொல்லவில்லை. அவரே ஒரு குஷன் வைத்த முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

வீடு பார்க்கப் போனால் முன்பெல்லாம் "ஒரு இந்தியன், ஒரு வெஸ்டர்ன்" என்பார் புரோக்கர். சமரச சன்மார்க்கம். இப்போது "எல்லாமே வெஸ்டர்ன் சார்" என்று ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி சொல்கிறார். நாளைக்கு ஒரு தடவையாவது நமக்குக் கட்டாயமாகக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே பயிற்சியும் போயிற்று. கொடுமை இதோடு முடியவில்லை. அந்த வெஸ்டர்னில் உட்கார்ந்தால் காரியம் ஒழுங்காக நடப்பதில்லை என்று, உட்கார்ந்தபடியே காலைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆன்லைனில் ஒரு குட்டி ஸ்டூல் விற்கிறார்கள். நல்ல விலை. முதலில் காசு கொடுத்து மேலே ஏறினோம். இப்போது மறுபடியும் காசு கொடுத்து, மேலே இருந்துகொண்டே கீழே இருப்பதாக நடிக்கிறோம். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேச நான் தயாராக இல்லை.

ஆபீஸில் எனக்குக் கொடுத்திருக்கும் நாற்காலியில் உயர்த்த ஒரு நெம்புகோல், சாய்க்க ஒரு நெம்புகோல், இடுப்பை முட்டுக்கொடுக்க ஒரு திருகு. எழுந்து போடா என்று தள்ளிவிடும் நெம்புகோல் மட்டும் வைக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் உட்கார்ந்தவன் நான். இப்போது வகுப்பில் குத்தவைத்தால் குதிகால் தரையைத் தொட மறுக்கிறது. தொட வைத்தால் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறேன். தம்பி என் குதிகாலுக்கு அடியில் இரண்டு ரப்பர் செருப்புகளைச் சொருகிவிட்டு, என்ன சொன்னான் தெரியுமா? தெரியும்.

நாற்காலியால் பாதிக்கப்பட்டவன் நான் மட்டும் இல்லை. கபோய்ராவில் அங்கோலா என்று இன்னொரு வழி உண்டு. பிம்பாவின் வழியைவிட நிதானமானது, தரையோடு ஒட்டிய ஆட்டம். அதன் பெரிய ஆசான் மெஸ்த்ரே பஸ்தீன்யா. சின்னப் பையனாக இருந்தபோது தன்னைவிடப் பெரியவன் ஒருவனிடம் ஓயாமல் அடிவாங்கிக்கொண்டிருந்தாராம். அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆப்பிரிக்கக் கிழவர் கூப்பிட்டு வித்தையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். 1940-களின் தொடக்கத்தில் சால்வடாரில் பள்ளி ஆரம்பித்தார் பஸ்தீன்யா. பழைய நகரமான பெலோரீன்யோவில் அவர் பள்ளி நடத்திய கட்டடத்தை, புதுப்பிக்கப் போகிறோம் என்று சொல்லிப் பிற்காலத்தில் காலி செய்யவைத்தார்கள். அவருக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. அங்கே ஓர் உணவகம் வந்தது.

உணவகம் என்றால் என்ன? நாற்காலிகள்!

ஆயுள் முழுக்கத் தரையில் ஆடக் கற்றுக்கொடுத்த மனிதரின் தரையைப் பிடுங்கி அதில் மேஜை நாற்காலி போட்டார்கள். அவர் கண்பார்வை போய், வறுமையில், 1981-ல் இறந்தார். 2014-ல் யுனெஸ்கோ கபோய்ரா ஹோடாவை உலகத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்த கூட்டமும் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் நடந்திருக்கும்.

பஸ்தீன்யாவின் சீடர்கள் இரண்டு பேர் வேறு என் உயிரை எடுக்கிறார்கள். ஜோவாவ் பெக்கேனோ என்று ஒருவர், 1917-ல் பிறந்து 93 வயதுவரை வாழ்ந்தவர். ஜோவாவ் கிராண்ஜி என்று மற்றவர், 1933-ல் பிறந்தவர், நியூயார்க் போய்ப் பள்ளி ஆரம்பித்தவர். தலை வெளுத்துப் போன வயதில் இவர்கள் தரையோடு தரையாக நழுவுகிற வீடியோக்கள் தம்பியின் போனில் நிறைய இருக்கின்றன. எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் ஒன்றை எடுத்துக் காட்டுவான். "வயசு ஒரு விஷயமே இல்ல சார்." வயது விஷயமில்லை என்றால் எனக்கு மட்டும் தனி வேகம் எதற்கு? இதை அவனிடம் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். அதற்குக் கொஞ்சம் மூச்சு மிச்சமிருக்க வேண்டுமே.

இத்தனைக்கும் எங்கள் வகுப்பிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. உட்கார இல்லை, தாண்ட. மெய்யா லூவா என்று ஓர் அரைவட்ட உதை. காலை நீட்டி, வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகப் பிறை போட வேண்டும். முன்னால் நாற்காலியை வைத்து, அதன் முதுகுக்கு மேலே கால் போய்வந்தால் உயரம் சரி என்று அர்த்தம். கல்லூரிப் பெண்ணின் கால் போய்வந்தது. ஐ.டி. பையனின் கால் போய்வந்தது. அவன் டெக்கன் வீடியோ கேமில் எட்டி கோர்டோ என்கிற கபோய்ரா வீரனை வைத்தே பள்ளிப் பருவத்தை ஓட்டியவன். என் முறை வந்ததும் பந்தி, முகூர்த்தம், ஆபீஸ், குட்டி ஸ்டூல் எல்லாவற்றையும் ஒரு கணம் நினைத்துக்கொண்டு உதைத்தேன். நாற்காலி சுவர்வரை போய்த் திரும்பியது.

"சார், தாண்டணும். இடிக்கக் கூடாது."

எனக்கு இடித்ததில்தான் திருப்தி.

இரண்டாவது காரணம் சுண்டுவிரல்.

எனக்கு மூச்சு வாங்கும்போது ஓய்வு என்கிற பேரில் பெரிம்பாவைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆளுயர வில், அதில் பழைய டயரிலிருந்து உருவிய எஃகுக் கம்பி, கீழே ஒரு சுரைக்குடுக்கை. குச்சியால் கம்பியைத் தட்ட வேண்டும். தட்டுகிற கையிலேயே கஷிஷி என்று ஒரு கிலுகிலுப்பை. மற்ற கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு கம்பியை அழுத்தியும் விட்டும் சுருதி மாற்ற வேண்டும். குடுக்கையை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் நாதம் பண்ண வேண்டும். அந்த விஷயத்தில் என் வயிறு தானாகவே ஒத்துழைக்கிறது. முதல் தடவை பார்த்தபோது எங்கள் ஊர்க் கோயில் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டு மாதிரிதான் இருந்தது. மணியும் குடமும் "ஆமா" போடுகிற ஆளும்தான் குறை. ஆனால் நம் வில் தரையில் கிடக்கும், வாசிக்கிறவர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். இங்கே அத்தனை கனத்தையும் தாங்குவது இடது கைச் சுண்டுவிரல் ஒன்று. பல வருஷமாக டீ கிளாஸைப் பிடிக்கும்போது நீட்டி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை பார்த்தறியாத விரல் அது.

ஹோடாவில் பெரிம்பாவ் வைத்ததுதான் சட்டம். அதன் காலடியில் குனிந்துதான் ஆட்டம் தொடங்கும். அது வேகமெடுத்தால் ஆட்டம் வேகமெடுக்கும், அது கூப்பிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வர வேண்டும். காவலாரியா என்று ஒரு தாளம் உண்டு. குதிரைப் போலீஸ் வருகிறது, கலைந்துவிடு என்று எச்சரிக்க வாசித்தது. என் மனைவி கீழே வண்டியை நிறுத்துவது தெரிந்தால் அதை வாசிக்கும்படி ஐ.டி. பையனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

பாட்டும் உண்டு, போர்த்துக்கீசிய மொழியில். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். வகுப்பில் மற்ற எல்லோரும் அர்த்தம் என்ன என்று கேட்டுக் கூச்சப்பட்டார்கள். எனக்கு அந்தச் சிக்கலே இல்லை. அர்த்தம் தெரியாமல் உருகிப் பாடுவதில் நாம் சமஸ்கிருதத்திலும் தெலுங்கிலும் ஆயுள் முழுக்கப் பழகியவர்கள். கைதட்டுவதில்தான் சறுக்கல். மூன்று தட்டு, ஓர் இடைவெளி. மூன்று தட்டு, ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் என் கைகள் தாமாக இன்னொரு தட்டுத் தட்டிவிடும். ஆட்டத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சபாவில் மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தின்போது தொடையில் தப்பாகத் தாளம் போடுகிற மாமாவை முன்வரிசை பார்க்கும் பார்வை அது. அந்த மாமாவை நானும் பார்த்திருக்கிறேன். அவருக்கு என் வணக்கம்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். அதற்காகத்தான் எழுதவே ஆரம்பித்தேன். அதற்குள் இந்தப் படிவம் வந்துவிட்டது.

போன வாரம் தம்பி ஒரு யோசனை சொன்னான். "சார், நீங்க அஞ்சு மணி பேட்ச் வந்து பாருங்களேன். கூட்டம் கம்மி." போனேன். கூட்டம் கம்மிதான். உயரமும் கம்மி. என் இடுப்புக்கு மேல் வளர்ந்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் பாட்டில் மூடியைத் திறப்பதற்கே குத்தவைத்து உட்காருகிறார்கள். ஒருவன் சுவரோரம் குத்தவைத்து எறும்பு பார்க்கிறான். குதிகால் இரண்டும் தரையில் அப்பிக்கொண்டு நிற்கிறது. எரிச்சலாக இருந்தது. இன்னும் பத்து வருஷத்தில் இவர்களையும் நெம்புகோல் நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று நினைத்து ஆறுதல்பட்டுக்கொண்டேன். எனக்கு ஜோடியாக வந்த சிறுமி என்னோடு கொக்கோரீன்யா போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அங்கிள், உங்க கால் ஏன் சத்தம் போடுது?"

எறும்பு பார்த்த பையன் ஹஸ்தேய்ரா என்கிற காலை வாரும் வித்தையை அப்போதுதான் கற்றிருந்தான். நல்ல மாணவன். நான் விழுந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். மூன்று தட்டு, ஓர் இடைவெளி. அத்தனை பேருக்கும் சரியாக வந்தது.

படிவத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் பத்திசாடோ. புது மாணவர்களுக்கு முதல் கயிறு கட்டிப் பட்டப்பெயர் வைக்கிற விழா. பிரேசிலிலிருந்து ஒரு மெஸ்த்ரே வருகிறார். ஒவ்வொருவரும் ஹோடாவில் இறங்கி அவரோடு ஆட வேண்டும், கடைசியில் அவர் நம்மைத் தரையில் சாய்ப்பார். சாய்ந்தால்தான் சேர்ந்ததாகக் கணக்கு. அதற்கு ஒரு கட்டணம். எனக்கு வந்த படிவத்தில் மாணவர் பெயர், படிக்கும் வகுப்பு, பள்ளியின் பெயர், பெற்றோர் கையொப்பம் என்று கட்டங்கள். தம்பிக்குப் போன் செய்தேன். "உங்க பேரு கிட்ஸ் பேட்ச்ல ஏறிடுச்சு சார். மாத்தினா ரசீது எல்லாம் மாத்தணும். சும்மா ஃபில் பண்ணிக் குடுத்துடுங்க" என்றான்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். என்னுடைய எந்த ரிப்போர்ட் கார்டையும் அவள் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

"ஏண்டா, யாரோ ஒருத்தர் பிரேசில்லருந்து வந்து உன்னைக் கீழ தள்ளிவிடப்போறார்."

"ஆமாம்மா."

"அதுக்கு நாம காசு கட்டணும்."

"ஆமா."

"இங்க அதுக்கு ஆள் இல்லையாமா?"

பதில் சொல்லாமல் பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டாள். வகுப்பு என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். மாணவருக்கு ஒவ்வாமை ஏதேனும் உண்டா என்ற கட்டத்துக்கு வந்ததும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நிறுத்தி நிதானமாக எழுதினாள்: பாகற்காய்.